கையெழுத்துப் போட்டார்களே, அப்புறம் என்ன கட்டாயம்?

கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அனுப்பிவைத்த அயர்லாந்தின் தாய்-சேய் இல்லங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டுத்தானே பிள்ளையைத் தத்துக் கொடுத்தார்கள்?"

சரி, கையெழுத்தையே எடுத்துக்கொள்வோம்.

பிலோமினா லீ கல்யாணமாகாமல் கர்ப்பமானபோது வயது 18. ராஸ்க்ரே ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஷான் ராஸ் அபே இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். 1952-இல் மகன் பிறந்தான். இவருக்கு அங்கேயே துணி வெளுக்கும் வேலை. பிள்ளையைப் பார்க்க நாளில் கொஞ்ச நேரம். மூன்று வயதுவரை அப்படி வளர்த்த பிள்ளையை 1955 கடைசியில் அமெரிக்காவுக்குத் தத்து அனுப்பிவிட்டார்கள். இனி எக்காலத்திலும் உரிமை கோர மாட்டேன் என்ற பத்திரத்தில் இருப்பது அவருடைய கையெழுத்துதான். அதை நான் மறுக்கவில்லை.

அந்த மகன் வளர்ந்து பெரிய வக்கீலாகி, தாயைத் தேடி அதே இல்லத்துக்கு வந்தார். தாயும் மகனைத் தேடி அங்கேதான் போய் நின்றார். இரண்டு பேருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 1995-இல் மகன் இறந்தார். அம்மா என்றாவது வந்தால் கண்ணில் படட்டும் என்று, தன்னை அந்த வளாகத்திலேயே புதைக்கச் சொல்லியிருந்தார். கல்லறையாகத்தான் கண்ணில் பட்டார்.

கையெழுத்துப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தால் எங்கே போயிருப்பார்? வீட்டில் சேர்க்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு வேலையோ வாடகை அறையோ யார் தருவார்கள்? கல்யாணமாகாத தாய்க்கு அரசு உதவித்தொகை வந்ததே 1973-இல். பிள்ளையைச் சட்டம் 'முறைதவறிப் பிறந்தது' என்று பிரித்துவைத்தது 1987 வரை. கருத்தடைச் சாதன விற்பனைக்கு 1935-இலேயே தடை போட்ட நாடு அது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, "அவளாகத்தானே இந்த வழியில் போனாள்" என்பதற்குப் பெயர் சம்மதமா?

2021 ஜனவரியில், இந்த இல்லங்களைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது. 18 நிலையங்கள், 1922 முதல் 1998 வரை; சுமார் 56,000 பெண்கள்; இறந்துபோன குழந்தைகள் சுமார் 9,000. டூவம் ஊர் இல்லத்தில் மட்டும் 796 குழந்தைகள் இறந்ததாகச் சான்றிதழ்களைத் தேடி எடுத்தவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர். இத்தனைக்கும் பிறகு ஆணையம் சொன்னது: முதல் பொறுப்பு பிள்ளையின் தகப்பனுக்கும் பெண்ணின் குடும்பத்துக்கும். அரசும் திருச்சபைகளும் துணை போயின, அவ்வளவுதான்.

இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மகளைக் கொண்டுபோய் விட்ட அப்பாக்கள் ஏராளம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று பயந்தவர்கள். ஆனால் அந்த ஊர் வாய்க்கு வாரா வாரம் பிரசங்கத்தில் தீனி போட்டது யார்? முதல் தடவை பிள்ளை பெற்ற பெண்ணை 'முதல் குற்றவாளி', மறுபடி பெற்றவளை 'மறு குற்றவாளி' என்று ஆவணங்களில் வகை பிரித்து எழுதியது எந்தக் குடும்பம்?

எனக்கு இன்னும் ஆறாத கோபம், இந்த இல்லங்களில் இருந்தவர்களுக்கான அரசின் இழப்பீட்டுத் திட்டத்தின் மேல். 2024-இல் தொடங்கியது. அதில் பிள்ளைகளுக்கு ஒரு நிபந்தனை: இல்லத்தில் குறைந்தது 180 நாள் இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்திலேயே தத்துப் போனவருக்குச் சல்லிக்காசு கிடையாது. தன் பிறப்புச் சான்றிதழை முழுசாகப் பார்க்கும் உரிமையே அவருக்கு 2022 சட்டத்தில்தான் கிடைத்தது.