டிஸ்கோவை எரித்த இரவில் வாசலில் நின்ற பையன்

டிஸ்கோ என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வெள்ளை கோட்டு சூட்டில் ஒரு கையை வானத்துக்கு நீட்டி நிற்கும் ஜான் டிரவோல்டாதான். 1977ல் வந்த அந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, பாட்டெல்லாம் அருமை. ஆனால் அதற்கு அடிப்படையான பத்திரிகைக் கட்டுரை பெரும்பாலும் கற்பனை என்று எழுதியவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஒரு கட்டுக்கதை போய் ஓர் இசைக்கே முகமாகிவிட்டதே என்பதுதான் எனக்கு உறுத்தல்.

நிஜக் கதைக்கு ஃபிலடெல்ஃபியா போகவேண்டும். 1973ல் ஹரோல்ட் மெல்வினின் புளூ நோட்ஸ் குழு பாடிய 'த லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் யங், கறுப்பினக் கலைஞர். மேசையில் சீராக நாலு தட்டு தட்டுங்கள். ஒவ்வொரு இரண்டு தட்டுக்கும் நடுவே வாயால் ஒரு 'த்ஸ்ஸ்' போடுங்கள். அந்த 'த்ஸ்ஸ்', டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளம் லேசாகத் திறந்து மூடும் சத்தம். உட்கார்ந்திருப்பவனை எழுப்பி விடுவது அதுதான். தொடர்ந்து வந்த டிஸ்கோ பாட்டுகள் பலவற்றில் ஒலிப்பது அந்த மனிதரின் காலும் கையும்தான்.

கறுப்பர்கள் மட்டுமே செய்தார்கள் என்றால் அதுவும் சரியில்லை. நியூயார்க்கில் 1970ல் தன் வீட்டிலேயே விருந்து நடத்திய டேவிட் மன்குசோ வெள்ளையர். அங்கே ஆட வந்தவர்களில் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தற்பாலீர்ப்பாளர்கள் நிறைய. வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள்.

அப்புறம் 1979 ஜூலை 12, சிகாகோ. பேஸ்பால் மைதானத்துக்கு ஒரு டிஸ்கோ இசைத்தட்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவு. டிஸ்கோவைப் பிடிக்காத ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளர் அவற்றைக் குவித்து வெடி வைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அன்றைய இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவேயில்லை. அன்று இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ், சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். வந்த தட்டுகளில் ஸ்டீவி வொண்டரும் மார்வின் கேயும் இருந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். அவை டிஸ்கோவே இல்லை, கறுப்பர்களின் இசை, அவ்வளவுதான். நிறவெறி எதுவும் கிடையாது என்கிறார் டால். டிஸ்கோ என்ற பெயரில் கம்பெனிகள் குப்பையைக் கொட்டி சலிப்பேற்றியதும் உண்மைதான். இருக்கட்டும். மார்வின் கேயை ஏன் எரிக்கக் கொண்டுவந்தார்கள்?

'டிஸ்கோ செத்துப்போச்சு' என்று இன்னமும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அடுத்த மாதமே ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' அமெரிக்காவில் முதலிடம். அதன் பேஸ் கிட்டார் வரியை வைத்துத்தான் ஹிப்-ஹாப்பின் முதல் பெரிய வெற்றிப் பாட்டு வந்தது. தட்டுகள் எரிந்த அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்றொரு கிளப். அங்கே 1977லிருந்தே பாட்டுப் போட்டவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். டிஸ்கோ தட்டுகளை வெட்டி ஒட்டி நீட்டி, பிறகு டிரம் மெஷினும் சேர்த்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் இந்தப் புது நடன இசைக்கு ஹவுஸ் என்ற பெயர் வந்தது என்பார்கள். ஹவுஸ் என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என்பது அவர் சொன்னது.

1984ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 'ஆன் அண்ட் ஆன்' வெளியிட்டார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது இதைத்தான். அவரோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் வின்ஸ் லாரன்ஸ். ஆமாம், மைதானத்தில் இருக்கை காட்டிய அதே பையன்.