கையெழுத்துப் போட மட்டும்தான் ஊரா?

வெள்ளத் தடுப்புக் கூட்டத்துப் போட்டோவைப் போட்டு, 'ஊரைக் கேட்டதாகக் கணக்குக் காட்டுகிறார்கள், கேட்கவில்லை' என்று நான் எழுதியதிலிருந்து, "ஏன்ப்பா இப்படி எரிந்து விழுகிறாய், நல்ல விஷயம்தானே" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஏசி ஹால், 'சமூகப் பங்கேற்புடன் வெள்ள அபாயத் தணிப்பு' என்று பேனர், முன்வரிசையில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் இல்லையென்று சொல்லவில்லையே.

படத்தில் வராததைச் சொல்கிறேன். காலையிலிருந்து பவர்பாயிண்ட் ஓடியது. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் 'பொதுமக்கள் கருத்து' வந்தது. ஒரு பெரியவர் எழுந்து, மேப்பில் எங்கள் குளத்து மறுகாலை, அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியை, தப்பான பக்கம் போட்டிருக்கிறது என்றார். "எழுதிக் கொடுங்க ஐயா" என்றார்கள். பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். 'மக்களுடன் கலந்து பேசப்பட்டது' என்று அறிக்கையில் ஏறப் போவது அந்தக் கையெழுத்துதான். பிரியாணி நன்றாக இருந்ததாம்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் ஒரு பஞ்சாயத்து நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்று மாநிலம். 12-ஆம் தேதியே சொல்லிவிட்டோம் என்று மத்திய அமைச்சர். டெல்லி வரை போய்ச் சண்டை போட்டார்கள். ராத்திரி முழுக்கக் குளத்துக்கரையில் நின்றவனிடம் "நீ என்ன பார்த்தாய்" என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பெரியப்பா குளத்துக்கு நீர்ப்பாய்ச்சியாக, அதாவது தண்ணீர் திறந்துவிட்டுக் கரையைக் காக்கிற ஊர் ஆளாக இருந்தவர். பெருமழை என்றால் கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்தோடு டார்ச் லைட்டுடன் நடப்பார். கசிவு தெரிந்தால் உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் "கெடக்கட்டும்". கலங்கலாக இருந்தால், தண்ணீர் கரைக்குள்ளேயே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உடனே மணல் மூட்டை, ஊரைக் கூப்பிடு, பொம்பளையாள் பிள்ளைகளை மேட்டுத் தெருவுக்கு அனுப்பு. அறுவடையில் அவருக்கென்று ஒரு பங்கு நெல் உண்டு. அது நின்றது, வேலையும் நின்றது. இப்போது மதகு ஷட்டர் சாவி அரசாங்க ஊழியரான லஸ்கரிடம். அவர் ஒருத்தர் எத்தனை குளத்தைத்தான் பார்ப்பார்? பாவம், அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

"படிக்காத ஆட்கள் அறிவியல் பேச முடியுமா?" என்று ஒருத்தர் கமெண்ட். சார், 1970 போலா புயலில் வங்கதேசக் கரையில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். அதற்கப்புறம் அந்த நாட்டில் கிராமத்து ஆட்களையே புயல் எச்சரிக்கைத் தொண்டர்களாகச் சேர்த்தார்கள். இப்போது 76,000 பேருக்கு மேல். மெகாபோனும் கொடியும் சைரனுமாக வீடு வீடாகப் போய் எழுப்புகிறார்கள். அங்கேயே 2007 சித்ர் புயலில் போனது சுமார் 3,400 உயிர். அதுவும் பெரிய இழப்புதான், ஆனால் வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2004 சுனாமியில் புதுச்சேரி நல்லவாடு? சிங்கப்பூரில் இருந்த ஊர்ப் பையன் போன் செய்தான், ஊர்த் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள், சனம் தப்பித்தது. வீடுகள் போயின, உயிர்கள் பிழைத்தன.

இன்னொருத்தர், "ஊர் என்ன யோக்கியமா, ஓடையை ஆக்கிரமித்ததும் ஊர்க்காரன்தானே" என்கிறார். வாஸ்தவம். சாதியும் உண்டு, யார் தெரு மேடு, யார் தெரு பள்ளம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகப் பள்ளத்துத் தெருக்காரனையும் சேர்த்து வாயை மூடச் சொல்வீர்களா? அவன்தான் முதலில் நனைகிறான். ஊர்ச் சனமே குளத்தைப் பராமரிக்கிற குடிமராமத்தை 2017-இல் அரசு திரும்பக் கொண்டுவந்தபோது விவசாயிகள் சங்கத்தின் பேரில்தானே வேலை? எங்கள் குளத்தில் சங்கத்தின் பேர் மட்டும்தான் இருந்தது, ஜேசிபி வேறொருவருடையது. அப்போதும் கையெழுத்து எங்களுடையது!

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? அதே 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று கிட்டத்தட்ட 800 பேர் மாட்டிக்கொண்டபோது முதலில் அடுப்புப் பற்றவைத்தது யார்? பக்கத்து ஊர்ச் சனம். தன் வீட்டிலேயே தண்ணீர் நிற்கிற நேரத்தில், இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கினார்கள். அன்று அவர்கள் தெய்வம். இன்று மறுகால் எந்தப் பக்கம் என்று சொன்னால் "எழுதிக் கொடுங்க ஐயா". வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய்க்கான டோக்கனுக்கு வரிசையில் நின்றபோது எங்கள் அம்மா சொன்னாள்: "பிச்சைக்காரி மாதிரி நிக்கேன்ல." நான் பதில் பேசவில்லை.

அப்புறம், இன்பாக்ஸில் வந்து "நீ எந்தக் கட்சி" என்று கேட்கிறவர்களுக்கு: மறுகால் ஓடையில் அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொல்லி இரண்டு ஆட்சியிலும் மனு கொடுத்த ரசீது வீட்டில் இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.