பி53 மாற்றங்கள் எல்லாம் ஒன்றல்ல
டிஎன்ஏவைப் பற்றி, புற்றுநோய் உருவாகாமல் தடுக்கும் புரதம் பி53. அதன் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் அப்புரதமே இல்லாமல் போய்விடுகிறது என்று இங்கே வெளியான கட்டுரை ஒரே வரியில் சொல்வது பாதி உண்மைதான். புற்றுநோய்களில் காணப்படும் பி53 மாற்றங்களில் பெரும்பாலானவை புரதத்தை அழிப்பதில்லை. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, குறைபாடுள்ள புரதத்தைச் செல்லுக்குள் குவியவிடுகின்றன. இப்புரதம் நான்கு நான்காகச் சேர்ந்தே டிஎன்ஏவைப் பற்றுவதால், பிறழ்ந்த மூலக்கூறு நல்லவற்றோடு கலந்து அவற்றின் வேலையையும் கெடுத்துவிடுகிறது. அச்சங்கிலியின் 175ஆம் இடத்தில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் ஹிஸ்டிடின் என்ற இன்னொன்றாக மாறினால் புரதத்தின் மடிப்பே குலைகிறது. 273ஆம் இடத்தில் அதே மாற்றம் நேர்ந்தால் மடிப்பு பெரும்பாலும் நிலைத்திருந்தும் டிஎன்ஏவின் மீதுள்ள பிடி தளர்கிறது. தன் மரபணுப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, மாற்றம் இருந்தாலே புற்றுநோய் நிச்சயமா என்று மேலே கருத்துப் பகுதியில் ஒரு வாசகர் கவலையோடு கேட்டிருக்கிறார். அவருக்குத் தென் பிரேசிலைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்: அங்கே சுமார் 300 பேரில் ஒருவர் 337ஆம் இடத்தில் இதே மாற்றத்துடன் பிறக்கிறார், குழந்தைகளுக்கு அட்ரீனல் புறணியில் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியின் வெளிப்பகுதியில்) வரும் அரிய கட்டி அப்பகுதியில் மிக அதிகமாகக் காணப்படுவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்றாலும், அம்மாற்றத்தைச் சுமக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அக்கட்டி வருவதில்லை. அறிக்கையில் உள்ள மாற்றம் எந்த இடத்தில் நேர்ந்தது, அது பிறவியிலேயே உள்ளதா அல்லது கட்டியின் செல்களில் மட்டும் தோன்றியதா என்பதை அவர் மரபணு ஆலோசகரிடம் முதலில் கேட்டறியட்டும்.