குழுவில் நடை மழுங்குவதில்லை
எழுத்துக் குழுவில் சேர்ந்தால் எல்லோர் நடையும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. திருப்பூரில் எங்கள் குழுவில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய முதல் கதையில் மாமியார் பாடப்புத்தகத் தமிழில் பேசினார். "உங்க வீட்டுல இப்படித்தான் பேசுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அதே மாமியார் "ஏங்கண்ணு, சோறுண்டயா?" என்று வந்தார், கதையே நிமிர்ந்துவிட்டது. கொங்குப் பேச்சை 1942இலேயே நாவலில் கொண்டுவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' அந்த அக்கா கைக்குப் போனதும் குழு வழியாகத்தான். தனியாக எழுதினால்தான் தனித்துவம் என்று இங்கே இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். சரி, எழுதுவது தனியாகத்தான். ஆனால் 1971இல் கோவையில் தொடங்கிய வானம்பாடி இதழில் கூடிய கவிஞர்கள் ஒரே அச்சிலா எழுதினார்கள்? சிற்பியையும் புவியரசையும் மு. மேத்தாவையும் அடுத்தடுத்து படித்துப் பாருங்கள்.