வெட்டியிருப்பதெல்லாம் மெய்யாகிவிடாது

சனிக்கிழமை மாலை டோக்கியோவின் நிஷிகசாயில், நண்பர் வீட்டில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஞாயிறு காலைக்குள் யாராவது உப்புக் காரம் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். எனவே கதையை மறுபடி முழுதாகச் சொல்லப்போவதில்லை: நண்பர் தான் வாங்கிய த்சுபா என்ற ஜப்பானிய வாள் பாகத்தைக் காட்டினார், அதில் வெட்டியிருந்த கைவினைஞர் பெயரைப் பற்றி நான் வாய் திறந்தேன், அவ்வளவுதான். நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

"போலி" என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. த்சுபா நன்றாக இருக்கிறது என்றேன். அதில் வெட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம் என்றேன். இவை இரண்டு தனித்தனிப் பேச்சுகள். (வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் காப்புத் தகடுதான் த்சுபா. சுனாமி மாதிரி 'சுபா' என்று எழுதலாம்தான். என் அத்தை மகள் பெயர் அது, வம்பு வேண்டாம்.)

ஜப்பானியர்கள் இந்தப் பெயர்வெட்டை 'மெய்' என்கிறார்கள். தமிழன் ஏமாறுவதற்கென்றே வைத்த சொல். பொய்யாக வெட்டிய மெய்க்கு 'கிமெய்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. தனிச் சொல் வைக்கும் அளவுக்கு அது புழங்கியிருக்கிறது என்பதையாவது யோசித்திருக்கலாம்.

நண்பரின் த்சுபாவில் வெட்டியிருப்பது இது: "கோஷூ ஹிகோனே ஜூ, சோஹெய்ஷி ந்யூதோ சோதென் செய்." கோஷூ நாட்டு ஹிகோனேயில் வாழும் சோதென் செய்தது. ஊர், பேர், விலாசம் எல்லாம் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நண்பர் கேட்டார். விலாசம்தான் பிரச்சினையே, ஐயா. பிவா ஏரிக்கரையில் இருக்கிறது ஹிகோனே. அங்கிருந்த சோதென் பட்டறை, இரும்பைத் துளைத்துக் குடைந்து, போர் வீரர்களையும் சீனத்து முனிவர்களையும் செதுக்கிப் பொன்னும் வெள்ளியும் பதித்தது. மக்களுக்கு அது பிடித்துப்போனது. பிடித்ததும் சீடர்கள் செய்தார்கள், மற்ற ஊர்க்காரர்களும் செய்தார்கள்; வேலைப்பாட்டோடு விலாசத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இன்று சந்தைக்கு வரும் சோதென் பெயர்களில் பெரும்பாலானவை சோதென் கை படாதவை. இது என் கண்டுபிடிப்பில்லை. இந்தத் துறையில் கால் வைத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் எச்சரிக்கை.

அதற்காக மட்டும் நான் சந்தேகப்படவில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். த்சுபாவின் நடுத்துளை வாளின் அடித்தண்டுக்கு இறுகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விளிம்பில் உளியால் குத்தி இரும்பை நெருக்குவார்கள். அந்தத் தழும்புகள் மூன்று இருந்தன. பழைய பெயராக இருந்தால் தழும்பு எழுத்தைச் சிதைத்திருக்கும். இங்கே எழுத்தின் கோடு தழும்புக்குள் இறங்கி, மறுபுறம் ஏறிப் போகிறது. உளி எழுப்பிய உதடு தழும்புக்குள்ளேயும் கூராக நிற்கிறது. வாளில் பூட்டிய பிறகு யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பாத்திரத்தில் பெயர் வெட்டக் கொடுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அம்மாவின் சீர்ப் பாத்திரங்களில் எல்லாம் தாத்தாவின் பெயர் இருக்கும். ஒரு தவலையில் மட்டும் நடு எழுத்து ஒரு சொட்டைக்குள் விழுந்து எழும். சொட்டை விழுந்த பிறகு வெட்டிய பெயர் அது. பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு விசேஷத்துக்கு வந்து, திரும்பிப் போகாத தவலை. குடும்பம் முழுவதற்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் போலித் தவலை என்று சொன்னதில்லை. வெந்நீர் வைக்க அதைத்தான் எடுப்போம்.

"ஜப்பான்காரரே விற்றார், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்கிறார்கள். ஜப்பானில் பிறந்தால் த்சுபா தெரியும் என்றால், தஞ்சாவூரில் பிறந்த நான் வெண்கலச் சிலைகளுக்குக் காலம் சொல்ல வேண்டும். அடுத்தது.

"அழகாக இருக்கிறது, பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?" இதைத்தானே நானும் சொன்னேன்! அழகுக்குக் காசு கொடுத்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். நண்பர் காசு கொடுத்தது அந்தப் பெயருக்காக. வாங்கியதும் அவர் அனுப்பிய படத்தில் த்சுபாவே முழுதாக இல்லை, எழுத்துகள் மட்டும்தான் இருந்தன.

ஏமாந்தவன் பேசுகிறேன் என்றுதான் எடுத்துக்கொள்ளுங்களேன். ஜப்பானுக்கு வந்த புதிதில் யோகோயா சோமின் பெயர் போட்ட ஒரு கோஸுகா வாங்கினேன். வாளுறையில் செருகும் சிறு கத்தியின் கைப்பிடி அது. இரண்டு மாத வாடகை. சோமின் (1670–1733) தூரிகை இழுத்ததுபோல் ஒரே போக்கில் உளி ஓட்டியவர். கோட்டின் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், மறுபக்கம் சரியும். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தேன். பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். எண்பது வயதிருக்கும். விளக்கடியில் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கட்டைவிரலால் பெயரை மூடி, அதை என் பக்கம் திருப்பினார். பார், என்பதுபோல். பார்த்தேன். அதில் செதுக்கியிருந்த மூங்கிலின் கோடு மூன்று தடவை நின்று நின்று வெட்டியிருந்தது, முதல் வகுப்புக் குழந்தை 'அ' எழுதியதைப் போல. அவர் தேநீர் ஊற்றினார். நான் குடித்துவிட்டு ரயிலேறினேன். மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.

அந்தக் கட்டைவிரலைத்தான் சனிக்கிழமை நான் வைத்தேன். அவர் வைத்தபோது பாடமாக இருந்தது. நான் வைத்தபோது பொறாமையாகிவிட்டது.

இவ்வளவு பெயர்ப் பித்துப் பிடித்தவர்கள் வாளுக்கான அலங்காரப் பாகங்கள் செய்த கோதோ வம்சத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். முதல்வர் யூஜோ (1440–1512) நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கே வேலை செய்தவர். பெயர் வெட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. பல தலைமுறை கழித்து வந்த வாரிசுகள் பழைய துண்டுகளைப் பார்த்து, 'இது யூஜோவுடையது' என்று வெட்டி, பக்கத்தில் தங்கள் பெயரையும் முத்திரைக் கையெழுத்தையும் வைத்தார்கள். அங்கே கையொப்பம் இட்டவர் செய்தவரே இல்லை, மதிப்பிட்டவர். குருவின் அனுமதியோடு சீடன் குருவின் பெயரை வெட்டுவதும் உண்டு. இதையெல்லாம் விளக்க வாயெடுத்தபோதுதான் "அண்ணனின் வகுப்பு ஆரம்பித்துவிட்டது" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தீர்கள். பரவாயில்லை. பஜ்ஜி ஆறிப்போகும் நேரம், நியாயம்தான்.

"உன்னிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது?" என்றும் ஒரு கேள்வி. ஒன்றும் இல்லை. கணினி வேலை பார்க்கிறேன். ஆனால் த்சுபாவுக்குச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. 1948இல் தொடங்கிய வாள் பாதுகாப்புச் சங்கம் இதோ ர்யோகோகுவில் இருக்கிறது, நிஷிகசாயிலிருந்து கூப்பிடு தூரம். கட்டணம் கட்டிக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். பெயர் சரியில்லை என்றால் தாள் தராமல் திருப்பிவிடுவார்கள். நானும் கூட வருகிறேன் என்று அன்றே சொன்னேன். அந்த வாக்கியம் மட்டும் யாருடைய கதையிலும் இல்லை.

நான் தவறாகவும் இருக்கலாம். மஞ்சள் விளக்கில், பத்து நிமிடம் பார்த்தது. தாள் வந்தால் இதே இடத்தில் எழுதுகிறேன், பெரிய எழுத்தில். ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், நண்பர் மகளின் அரங்கேற்றத்துக்கு நாற்காலி சுமந்தவனைப் பார்த்து, "வாங்க வக்கில்லாதவன் குறை சொல்கிறான்" என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம். அதுவும் என் மகன் முன்னால்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், லென்ஸை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் போனால் வாங்கி வாருங்கள். கொடுப்பதற்கு முன் அவர் ஒரு தடவை அதைக் கண்ணில் வைத்து, துளையின் இடப்பக்கத் தழும்பைப் பார்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.