வெள்ளையைக் கிழித்தெடுத்த கொடி

ஹைட்டி என்றால் நிலநடுக்கம், பசி, துப்பாக்கிக் கும்பல்கள். செய்திகளில் வேறெதையும் பார்க்க முடிவதில்லை. பிரெஞ்சுப் புரட்சியைப் பள்ளியில் விழுந்து விழுந்து படித்த நமக்கு, அந்தப் பாடத்தின் மீதிப் பாதி ஹைட்டியின் கொடியில் இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஹைட்டி அப்போது பிரான்சின் காலனி. 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 1794இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மறுபடி கொண்டுவரச் சட்டம் போட்டார், ஹைட்டிக்கு அதற்கு முன்பே பெரும்படையும் அனுப்பியிருந்தார். கறுப்பினத் தலைவர் துசான் லூவர்த்தூரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கைது செய்தார்கள். பிரெஞ்சு மலைக்கோட்டைச் சிறையில் 1803 ஏப்ரலில் அவர் உயிர் பிரிந்தது.

அடுத்த மாதம், மே 18. ஆர்காயே என்ற ஊர். கிளர்ச்சிப் படைத் தளபதி டெசலின் பிரெஞ்சு மூவண்ணக் கொடியை எடுத்து, நடுவிலிருந்த வெள்ளைப் பட்டையைக் கிழித்துப் போட்டார். மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கேத்தரின் ஃபிளோன் என்ற பெண் ஒன்றாகத் தைத்தார் என்பது ஹைட்டி மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நீலம் கறுப்பர், சிவப்பு கலப்பினத்தவர். அதுவரை தங்களுக்குள் வெட்டிக்கொண்ட இரு தரப்பு. அந்தத் தையல்தான் எனக்கு முக்கியம். ஒட்டுப்போட்ட அந்தக் கொடியின் கீழ் நின்றே நெப்போலியனின் படையைத் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று விடுதலை.

இது வெறும் இனவெறுப்புக் கொடி என்பவர்கள் உண்டு. 1804இல் டெசலின் ஆணைப்படி வெள்ளையர்கள் கொல்லப்பட்டது உண்மை, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 1805 அரசியல் சாசனம் அங்கே தங்கிவிட்ட போலந்துக்காரர்களையும் ஜெர்மானியரையும் குடிமக்களாக ஏற்றது. ஹைட்டியர் எல்லோருக்கும் 'கறுப்பர்' என்பதே பொதுப்பெயர் என்றது. தோலின் நிறத்தை மட்டும் பார்த்தவர்கள் இப்படி எழுதியிருப்பார்களா?

அப்புறம் 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் கேட்டது. முன்னாள் அடிமைகள் முன்னாள் முதலாளிகளுக்கு நஷ்டஈடு தர வேண்டுமாம்! பின்னர் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீண்டது. ஹைட்டியை 'ஏழை நாடு' என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

1964இல் சர்வாதிகாரி துவாலியே கொடியைக் கறுப்பு-சிவப்பாக மாற்றினார். டெசலினும் 1805இல் கறுப்பு-சிவப்பை ஏற்றியவர்தான். நிறத்தின் மீது குற்றமில்லை. ஆனால் துவாலியே அதைத் தன் அடியாட்படையின் ஆட்சிக்கு அடையாளமாக்கினார். 1986 பிப்ரவரியில் அவர் மகன் நாட்டைவிட்டு ஓடியதும் ஹைட்டியர் அந்த மாதமே நீலத்தையும் சிவப்பையும் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.