பவேரியாவின் ஃபிரான்ஸ்

தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் முன்னாள் அரச குடும்பத் தலைவர் டியூக் ஃபிரான்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் இங்கிலாந்து அரியணைக்குத்தான் தாவுகிறார்கள். முன்பு இங்கிலாந்தை ஆண்ட ஸ்டூவர்ட் வம்ச வழிப்படி அந்த மணிமுடி அவருக்கு வரவேண்டியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவரோ ஒருநாளும் அதைக் கோரியதில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையை இந்தத் துணுக்குக்குள் அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய விட்டல்ஸ்பாக் குடும்பம் 1180 முதல் 1918 வரை பவேரியாவை ஆண்டது. கடைசி அரசர் மூன்றாம் லுட்விக் ஃபிரான்ஸின் கொள்ளுத்தாத்தா. இவர் பிறந்த 1933இல்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். தாத்தா ரூப்ரெக்டும் தந்தை ஆல்பிரெக்டும் நாஜிகளோடு ஒத்துப்போக மறுத்தார்கள். ஆல்பிரெக்ட் மனைவி மக்களுடன் ஹங்கேரிக்குப் போனார். 1944இல் ஜெர்மானியப் படை அங்கேயும் வந்தது. அக்டோபரில் குடும்பத்தையே பிடித்துக்கொண்டு போனார்கள். சாக்சன்ஹவுசன், ஃப்ளாசன்பூர்க், டாஹௌ என்று வதைமுகாம் மாற்றி வதைமுகாம், பசி, நோய். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துதான் மீட்டது.

பிடிபட்டபோது ஃபிரான்ஸுக்கு 11 வயது. என் மகனுக்கும் இப்போது அதே வயது. நேற்று இரவு கணக்கு நோட்டைக் காணவில்லை என்று கண்கலங்கி நின்றான். கட்டிலுக்கடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தான். அவன் தூங்கியபின் அந்த முகாம்களின் பெயர்களைத் திரும்பப் படித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

1919 அரசியல் சட்டத்துக்குப் பிறகு ஜெர்மனியில் பிரபுப் பட்டம் என்பது பெயரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். முன்னோர் சேர்த்த பழைய ஓவியங்கள் மியூனிக் நிறைய இருக்க, இவர் தன் காலத்து ஓவியர்களைத் தேடிப் போனார். அவர் சேர்த்த, ஜெர்மானிய ஓவியர் பாசெலிட்ஸின் படங்களை இன்று அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் யாரும் பார்க்கலாம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. குடும்பத் தலைமை தம்பி மாக்ஸுக்குப் போகும். மாக்ஸுக்கு ஐந்து மகள்கள். ஆண்வழி மரபு அந்த ஐவரையும் தாண்டி ஒன்றுவிட்ட உறவினரிடம் போய் நிற்கிறது. இது எனக்கு உடன்பாடில்லை.

ஃபிரான்ஸின் துணைவர் ஓர் ஆண். மேற்கு ஜெர்மனியில் 1969 வரை அத்தகைய உறவு சிறைக்குரிய குற்றம். அப்போது ஃபிரான்ஸுக்கு 36 வயது. 1980 முதல் இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். இருவரும் ஒன்றாக நிற்கும் அதிகாரபூர்வப் படம் 2021இல்தான் வெளிவந்தது. இடையில் 41 ஆண்டுகள். அவரைப் பற்றிப் பேச நான் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குவேன்.